புளிச்சதுக்கு 30 வெள்ளி

கள் புளித்துப்போனால் கடைக்காரனுக்கு ஏச்சு விழும். எழுபதுகளில் கெலாங் பாத்தா பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்த எனக்கு மது ரசனையில் கிடைத்த முதல் பாடம் இதுதான். காலையில் இறக்கிய தென்னங்கள் இனிக்கும், சாயங்காலம் வேகம் ஏறும், மறுநாள் காடி. ரப்பர் பால் எடை போட்டு, குளித்து, தலைசீவிக்கொண்டு தகரக் கொட்டகைக்குப் போகும் பெரியவர்கள், கள் மரத்தை விட்டு இறங்கி எத்தனை நாழிகை ஆயிற்று என்பதை மூக்காலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். புளிப்பு அதிகமென்றால் எனாமல் குவளை மேசையில் கொஞ்சம் பலமாகவே இறங்கும்.

அந்தத் தோட்டம் இப்போது வீட்டு மனையாகிவிட்டது. 1998-இல் சிங்கப்பூரின் துவாஸுக்கு இரண்டாவது பாலம் திறந்ததும் ரப்பரும் செம்பனையும் நின்ற மண்ணுக்கு வேறு விலை வந்துவிட்டது. அந்தப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போய்வரும் என் அக்கா மகன், போன மாதம் ஜொகூர் பாருவில் வாங்கிய ஒரு டின்னைக் கொண்டுவந்து வைத்தான்.

"மாமா, இது வேணும்னே புளிக்க வெச்சது."

கொய்யாவும் அசாம்போய் என்னும் உப்பிட்ட பிளம் வற்றலும் சேர்த்த கிராஃப்ட் பீர். 30 வெள்ளி. டின்னின் மேல் ஒரு ஆந்தை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தது. அதற்கே பாதிக் காசு போயிருக்கும்.

கண்ணாடி கிளாஸில் ஊற்றினால் ரோஸ் நிறம். நுரை வந்த வேகத்தில் அடங்கியது. மணம் கொய்யா ஜாம். நாக்கில் முதலில் உப்பு, அடுத்து தாடையோரம் கூசும் புளிப்பு, பழம் கடைசியில்தான். பீரின் கசப்பு இருந்த இடம் தெரியவில்லை. பொய் சொல்லக்கூடாது, நல்ல சரக்குதான். ஆனால் முதல் வாய்க்கு இருந்த வியப்பு பாதி கிளாஸோடு தீர்ந்துவிட்டது.

இதன் செய்முறையை மருமகன் விளக்கினான். முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்பு நீரில் தயிரைப் புளிக்கவைக்கும் வகை பாக்டீரியாவை விட்டு, ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பாக வைத்திருப்பார்கள். வேண்டிய அளவு புளித்ததும் கொதிக்கவைத்து அதைக் கொன்றுவிட்டு, ஈஸ்ட் சேர்த்துப் பிறகு பழம் போடுவார்கள். உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்ந்தால் அது ஜெர்மனியின் கோஸ்லார் நகரத்துப் பழைய 'கோஸா' வழி. பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக் காய்ச்சுகிறவர்கள் இன்னும் துணிச்சல்காரர்கள்: காய்ச்சிய நீரை அகன்ற தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்து வைத்து, காற்றில் வரும் நுண்ணுயிர்களிடமே பொறுப்பை ஒப்படைத்துவிடுகிறார்கள். இதைப் பார்க்கவே ஐரோப்பாவுக்கு ஆட்கள் பயணம் போகிறார்கள்.

எங்கள் தென்னை மரத்து முட்டி ராவும் பகலும் திறந்துதான் கிடந்தது. முந்தைய நாள் கள்ளின் மிச்சத்திலிருந்தே ஈஸ்ட்டும் அதே பாக்டீரியா வகையும் புதுச் சாற்றில் இறங்கும். மரமேறி கீழே வருமுன் பாதி வேலை முடிந்திருக்கும். பூச்சி விழும், துணியில் வடிகட்டுவார்கள். அதைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரரும் வந்ததில்லை. தோட்டத்துத் துரை வந்தால் கணக்குப் பார்க்கத்தான் வருவார்.

அந்தக் கணக்கு லேசுப்பட்டதல்ல. பிரிட்டிஷ் காலத்தில் தோட்ட நிர்வாகங்களே கள்ளுக்கடையை நடத்தின. ஒரு கையால் கொடுத்த சம்பளம் மறு கைக்குத் திரும்பி வரும் ஏற்பாடு. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டார்கள். 1947-இல் கெடாவில், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடை மறியலில் இறங்கி போலீஸோடு மோதியது. இத்தனை பேர் அடிபட்டுக் கடைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தபின் அந்த இடத்தில் என்ன வந்தது? சின்னப் போத்தலில் சம்சு என்ற சாராயம். விலை மலிவு, போதை பல மடங்கு. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்த்து ஆண்டுக்கணக்காகக் குரல் கொடுத்தது. தமிழ்நாட்டிலோ 1987-இல் கள்ளை ஒழித்த அரசு, பின்னாளில் சீமைச் சரக்குக்குத் தானே கல்லாவில் உட்கார்ந்தது. ரகம் மாறினாலும் கல்லாவுக்கு ஆள் இல்லாமல் போனதில்லை.

டின் வாங்கும்போது கடையில் மருமகனின் அடையாள அட்டையைக் கேட்டார்களாம். மலேசியாவில் 2017 கடைசியிலிருந்து 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக்கூடாது. எனக்கு அரை டவுசர் வயதிலேயே கள்ளுக்கடையில் வரவேற்பு இருந்தது. குடிக்க அல்ல. கள்ளைக் கண்டாலே காறித் துப்பும் அம்மா, ஆப்ப மாவுக்கு மட்டும் ஒரு குவளை வாங்கிவரத் தூக்குச்சட்டியைக் கொடுத்து அனுப்புவார். அதற்குப் புளிச்ச கள் கூடாது, அன்றைக்கு இறக்கியதுதான் வேண்டும் என்று கறாராகச் சொல்லி அனுப்புவார். கடைக்காரரும் "ஆத்தாவுக்கா?" என்று கேட்டு, மேலாக எடுத்து ஊற்றுவார். அந்தக் கொட்டகையில் தரம் பார்த்து வாங்கியவர்களில் அங்கே காலே வைக்காதவர் என் அம்மா ஒருவர்தான்.

அதே அம்மாவிடம் மருமகன் அந்தப் பீரை ஒரு ஸ்பூனில் கொஞ்சம் நீட்டினான். "பாட்டி, சும்மா ருசி பாருங்க."

அம்மா நாக்கில் தொட்டுப் பார்த்தார். "ரசத்துல உப்பு கூடிப்போச்சு. எவ்வளவுடா?"

"30 வெள்ளி, பாட்டி."

"தோட்டத்துல நானும் உன் தாத்தாவும் ஒரு வாரம் வெட்டின கூலிடா அது!"

அந்த அசாம்போய்க்குப் பதில் அன்னாசி போட்டிருந்தால் என் மதிப்பெண் கூடியிருக்கும். கெலாங் பாத்தாவிலிருந்து உலு சோ வழியே போனால் அன்னாசி விளையும் பெக்கான் நானாஸ். சதுப்பு மண்ணில் விளையும் அந்தப் பழத்தின் புளிப்புக்கு எந்த பாக்டீரியாவின் சிபாரிசும் வேண்டாம்.

மிச்சம் பாதி டின். கீழே ஊற்ற அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஆப்ப மாவில் கலந்து மூடிவைத்துவிட்டார். டின்னுக்குள் பழம் மறுபடி நொதித்து வெடித்துவிடாமல் இருக்க, சிலர் சூடுகாட்டி ஈஸ்ட்டையும் கொன்றுதான் விற்பார்கள் என்று மருமகன் சொல்லிப் பார்த்தான். அம்மா கேட்கவில்லை. மறுநாள் மாவு கல்லாகக் கிடந்தது. ஒரு பாக்கெட் ஈஸ்ட் வாங்கிவர அவனையே கடைக்கு அனுப்பினார். அதற்கு யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை.