விலை படத்திலேயே இருக்கு

என் பாட்டி கேமரன் மலையில் கொழுந்து பறித்த காலத்தில் கூலி எடைக்குத்தான். கூடை தராசில் ஏறியதும் கங்காணி "இலை ஈரம்" என்று ரெண்டு ராத்தலைக் கழித்துவிடுவாராம். பாதி நாள் மழை, மீதி நாள் பனி. இந்த ஊரில் காய்ந்த கொழுந்துக்குப் பாட்டி எங்கே போவாள்? நான் பறிப்பது போனில் பதில். அதற்கு எடைக்கூலி கொடுத்தால் இந்நேரம் தானா ராத்தாவில் மாடி வீடு கட்டியிருப்பேன்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை வார இறுதியில் கார்கள் ஊர்ந்த ரோட்டில் நாய்கள் கால் நீட்டிப் படுத்தன. என் கடையில் தேயிலையும் ஸ்ட்ராபெரி ஜாமும் தேங்கின. "புலனத்துல விப்போம்பா" என்று மகள் பாக்கெட்டைப் படம் பிடித்து, அதன் மேலேயே கொட்டை எழுத்தில் "250 கிராம் 12 வெள்ளி" என்று போட்டாள்.

முதல் வாடிக்கையாளர் மலாயில் கேட்டார்: "பெராப்பா?" அடுத்தவர் தமிழில்: "விலை என்ன?" மூன்றாமவர்: "ஹவ் மச் பாஸ்?" நாட்டின் ஒற்றுமைக்கு இதற்கு மேல் சான்று வேண்டுமா? விலையைச் சொன்னதும் மூவரும் கேட்டது ஒன்றே: "கொஞ்சம் கொறைக்க முடியாதா?" பாட்டியின் கங்காணி மறுபிறவி எடுத்து வந்துவிட்டார்.

என் ஜென்ம விரோதி, தேயிலை ரகங்களுக்குப் பேர் வைத்த வெள்ளைக்காரன். பாக்கெட்டில் புரோக்கன் ஆரஞ்சு பெக்கோ என்று இருந்தது. ஜொகூரிலிருந்து ஓர் அக்கா எழுதினார்: "ஆரஞ்சு வாசனையே இல்ல தம்பி. எல்லாம் ஒடஞ்சு வேற கெடக்கு." உட்கார்ந்து விளக்கினேன். ஆரஞ்சு என்பது ரகத்தின் பேர், பழம் சேர்ப்பதில்லை. பெக்கோ சீனத்திலிருந்து வந்த சொல், தளிரின் வெண்மையான பூமயிரைக் குறிப்பது. உடைந்த இலையில்தான் சீக்கிரம் சாறு இறங்கும், அதனால் உடைத்தே விற்கிறார்கள். மூன்று பத்தி தட்டி முடிப்பதற்குள் லைன் நாலு தடவை போய் வந்தது. அக்காவிடமிருந்து பதில்: "சரி தம்பி, ஒடையாதது இருந்தா அனுப்புங்க."

டஸ்ட் கதை இதைவிட மோசம். "தூசியயா காசுக்கு விக்கிறீங்க?" என்றார் ஒருவர். சல்லடையில் கடைசியாக விழும் பொடிதான் ஐயா டஸ்ட், நிறமும் கடுப்பும் அதில்தான், நீங்கள் மாமாக் கடையில் நுரை பொங்கக் குடிக்கிற தே தாரிக்கே அதன் புண்ணியம்தான் என்றேன். ஒரு கட்டைவிரல் வந்தது. வாங்குகிறாரா, வழியனுப்புகிறாரா? அந்த விரலின் பொருள் இன்றுவரை தெரியவில்லை.

கிள்ளானில் ஓர் அண்ணன் இருக்கிறார். இங்கே லயத்தில் பிறந்து வளர்ந்தவர். நாலு நிமிடக் குரல் பதிவுதான் அனுப்புவார். அதில் தேயிலை பற்றி ஒரு வார்த்தை இருக்காது. "பனி எறங்கிருச்சா? லயத்துக்குப் பின்னாடி கொய்யா மரம் இன்னும் இருக்கா?" வாங்கியது ஒரே ஒரு பாக்கெட். தினமும் காலையில் ரோஜாப்பூவோடு வணக்கம் தவறுவதில்லை. மரத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். அதற்கு மட்டும் விலை கேட்கவில்லை.

என் கண் எரிச்சலைப் பார்த்த மகள், இரவு ஒன்பது மணிக்கு மேல் தானாகப் பதில் போகும்படி ஏதோ செய்து வைத்தாள். ஓர் இரவு பதினொரு மணிக்குத் தஞ்சோங் மாலிமிலிருந்து சித்தப்பா மகன் எழுதினான்: "நம்ம பெரியப்பா தவறிட்டாருண்ணே." என் போன் உடனே சொன்னது: "தொடர்பு கொண்டதற்கு நன்றி! உங்கள் அடுத்த ஆர்டருக்கு ஆவலோடு காத்திருக்கிறோம்." கூடவே சிரிக்கிற முகம் ஒன்று.

விடிந்துதான் பார்த்தேன். அடித்துப் பிடித்து மலை இறங்கிப் போனால், பந்தலில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டி போன பிறகு சித்தப்பா மட்டும் பக்கத்தில் வந்து தோளில் கை போட்டார்.

"கருமாதிக்கு ரெண்டு கிலோ டஸ்ட் வேணும்யா. காத்திருக்கியாமே."

நான் தரையைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் போனை எடுத்து, என் பாக்கெட் படத்தைத் திறந்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"விலை என்னப்பா?"