பன்னிரண்டு வோல்ட் பெரியவர்

இங்கிலாந்தின் கால்வாய்க் கரையோரம் எந்த வளைவில் திரும்பினாலும் ஒருவர் குனிந்திருப்பார். முகம் தெரியாது. படகின் பின்தளத்துப் பலகையைத் தூக்கி ஓரமாகச் சாய்த்துவிட்டு, என்ஜின் குழிக்குள் பாதி உடம்பை இறக்கியிருப்பதால் பேன்ட்டின் பின்பக்கம்தான் ஊராருக்குத் தரிசனம். பட்டப்பகலிலும் நெற்றியில் ஒரு டார்ச் எரியும். கரையில் நடந்து போகிறவர் "காலை வணக்கம்" என்றால், குழிக்குள்ளிருந்து "பன்னிரண்டு புள்ளி நாலு" என்று பதில் வரும். கோபித்துக்கொண்டதாக நினைக்கக் கூடாது. அதுதான் அவருடைய காலை வணக்கம்.

பணி ஓய்வு பெற்றவர். பள்ளி ஆசிரியராகவோ, இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கணக்கராகவோ இருந்திருப்பார். எலெக்ட்ரீஷியனாக மட்டும் இருந்திருக்க மாட்டார். எலெக்ட்ரீஷியன்கள் ஓய்வு பெற்றுப் படகு வாங்கினால் நிம்மதியாக மீன் பிடிக்கிறார்கள். நம்மவர் வீட்டை விற்று, நாரோபோட் என்கிற ஒடிசலான இரும்புப் படகை வாங்கி, கரண்ட் பில் தொல்லை இல்லாத சுதந்திர வாழ்க்கை வேண்டும் என்று கால்வாயில் இறங்கியவர். கரண்ட் பில் அன்றோடு ஒழிந்தது. கரண்டைத் தவிர வேறு சிந்தனையும் அன்றோடு ஒழிந்தது.

இந்த ஆசையை விதைத்தவர்களில் எல். டி. சி. ரோல்ட் முக்கியமானவர். பாழாகிக்கொண்டிருந்த கால்வாய்கள் பக்கம் இங்கிலாந்துக்காரர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது 1944ல் வந்த அவருடைய ‘நாரோ போட்’ புத்தகம். இரண்டு வருடத்தில் கால்வாய்களைக் காக்க ஒரு சங்கமே கிளம்பிவிட்டது. பெரியவரும் அதைப் படித்து உருகியவர்தான். அந்தக் காலத்துப் படகோட்டிக் குடும்பம் ஒன்று, பத்தடி நீள அறைக்குள், கரி அடுப்பும் எண்ணெய் விளக்குமாகப் பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்ததைக் குரல் தழுதழுக்கச் சொல்வார். சொல்லிக்கொண்டே போனைச் சார்ஜரில் செருகுவார். அந்தப் பத்தடிக்குள் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் இல்லை, ஆகவே குழிக்குள் தலைகீழாகத் தொங்க வேண்டிய அவசியமும் யாருக்கும் இல்லை என்பதைப் படகு வாங்கிய பிறகுதான் யோசித்தார்.

அவருடைய துன்பத்துக்குப் பாதிக் காரணம் பதினெட்டாம் நூற்றாண்டு. ஜேம்ஸ் பிரிண்ட்லி முதலான பொறியாளர்கள் அன்று பல கால்வாய்களில் படகை ஏற்றி இறக்கும் மதகுகளான லாக்குகளை ஏழடி அகலத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அதனால் இன்றைக்கும் படகின் அகலம் 6 அடி 10 அங்குலம்தான். நீளம் மட்டும் 70 அடி வரை போகலாம். என்ஜினும் பேட்டரியும் ஒரு கோடியில், தண்ணீர்த் தொட்டியும் பம்பும் மறுகோடியில். 57 அடிப் படகு என்றால் பம்புக்குக் கரண்ட் போய்த் திரும்பி வரும் தூரம் 34 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 6 ஆம்பியர் பம்பை ஓட்டினால் ஒன்றரை வோல்ட் வழியிலேயே காணாமல் போய்விடும். 230 வோல்ட் வரும் வீட்டில் ஒன்றரை வோல்ட் போனதை யாரும் கவனிக்கப் போவதில்லை. இங்கே அது சொத்தில் எட்டில் ஒரு பங்கு.

"அந்த ஒன்றரை எங்கே போகிறது?" என்று மனைவி ஒருமுறை கேட்டார். வயரைச் சூடாக்குவதில் போகிறது என்றார் பெரியவர். டிசம்பர் மாதம். அந்த வயரை நம் கட்டில் பக்கமாகக் கொண்டுபோக முடியாதா என்று அந்த அம்மாள் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

கணக்குத்தான் அவர் உயிர். நாலு பேட்டரி, ஒவ்வொன்றும் 110 ஆம்பியர் ஹவர். கூட்டினால் 440. ஆனால் ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் சுருங்கும் என்பதால் கையில் உள்ளது 220தான். அதில் ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு நாற்பதுக்குப் பக்கத்தில் சாப்பிடும். மிச்சத்தை வைத்துக் குடும்பம் நடத்த வேண்டும். இந்தக் குடும்பத்துக்குள் மகள் ஒருமுறை விருந்தாளியாக வந்தாள். வந்தவள் கெட்டிலோடு வந்தாள். 2,000 வாட் கெட்டில் வீட்டில் ஒன்பது ஆம்பியருக்குள் அடங்கிவிடும். அதையே 12 வோல்ட் பேட்டரியில் இன்வெர்ட்டர் போட்டு ஓட்டினால் 180 ஆம்பியர் வரை உறிஞ்சும். இன்வெர்ட்டரின் விசிறி ஊளையிட்டது, விளக்குகள் மங்கின, பெரியவர் குளித்த ஈரம் சொட்டச் சொட்ட ஓடி வந்தார். ஒரு கோப்பை டீக்காக யாரும் அவ்வளவு வேகமாக வந்து அவள் பார்த்ததில்லை.

தலை காயவைக்கும் டிரையருக்கும் இதே சட்டம். என்ஜின் ஓடினால்தான் தலை காயலாம். ஆனால் கரையில் கட்டிய படகில் இரவு எட்டு மணியிலிருந்து காலை எட்டு வரை என்ஜினை ஓட்டக் கூடாது என்பது கால்வாய்களை நிர்வகிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்டின் விதி. ஆகவே அந்த அம்மாள் ராத்திரியில் தலைக்குக் குளித்து வருடக்கணக்காகிறது. நிரந்தரக் கட்டுத்துறை இல்லாத படகு ஒரே இடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்று 1995ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மற்றவர்கள் அதைத் தொல்லை என்பார்கள். அம்மாளுக்கு அது அருள். படகு நகர்ந்தால் என்ஜின் ஓடும். என்ஜின் ஓடினால் துணி துவைக்கலாம். அவர்களுடைய யாத்திரைகள் எல்லாம் இயற்கை அழகை நாடிச் செல்பவை என்று பெரியவர் சொல்வார். அழுக்குத் துணிக் கூடை நிரம்பியதும் கிளம்புபவை என்பது அம்மாளின் அனுபவம்.

பழுது எதுவானாலும் அதற்குப் பொறுப்பாளி ஒருவர்தான்: முந்தைய ஓனர். அந்த மனிதரைப் பெரியவர் ஒரே ஒருமுறை, கிரையம் முடித்த அன்று, அரைமணி நேரம் பார்த்திருக்கிறார். இனிமையான மனிதர், பிஸ்கட் கொடுத்தார். ஆனால் சுவர்ப்பலகையைக் கழற்றிப் பார்த்த நாளிலிருந்து அவர் பெயருக்கு முன்னால் ஒரு கெட்ட வார்த்தை நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டது. வீட்டுச் சுவருக்குள் ஓட்டும் ஒற்றைக் கம்பி வயரைப் படகில் போட்டிருக்கிறான்! என்ஜின் அதிர்வில் அது முறியும் என்று தெரியாதா? எல்லாமே சிவப்பு வயர். கடையில் சிவப்புச் சுருள்தான் மலிவாகக் கிடைத்ததோ? விளக்கு ஒன்றின் நெகட்டிவைப் படகின் இரும்பு உடம்பிலேயே திருகியிருக்கிறான்! படகு என்ன காரா? பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஃபியூஸ் மூன்று மீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவில் ஷார்ட் ஆனால் வயர் எரிந்து முடித்த பிறகு ஃபியூஸுக்குத் தகவல் போகும்.

இவ்வளவும் நியாயமான குற்றச்சாட்டுகள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரும்புப் பெட்டிக்குள் மரச்சட்டம் அடித்து, கேஸ் சிலிண்டரும் டீசலும் வைத்து, அதற்குள் மனிதர் தூங்கும் இடத்தில் மோசமான வயரிங் வேடிக்கைக்குரியதில்லை. நாலு வருடத்துக்கு ஒருமுறை படகுப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று வைத்திருப்பது சும்மா இல்லை. வேடிக்கை எதில் என்றால், பெரியவர் தாமே போட்ட கனெக்ஷன்களில். அவையெல்லாம் ‘தற்காலிகம்’. இன்சுலேஷன் டேப் சுற்றி, அதன்மேல் பேனாவால் அப்படியே எழுதியும் வைத்திருக்கிறார். எழுத்து மங்கிவிட்டது, டேப் பிசுபிசுத்துவிட்டது. ஸ்விட்ச் போர்டில் ‘தொடாதே’ என்று ஒட்டிய ஒரு ஸ்விட்ச் உண்டு. அது எதற்கு என்று முந்தைய ஓனருக்கும் தெரியவில்லை, அவரும் தொடவில்லை. இந்தப் படகும் ஒருநாள் கைமாறும். வாங்கியவர் பலகையைக் கழற்றுவார். அப்போது கெட்ட வார்த்தைக்குப் பின்னால் வரப்போவது யார் பெயர் என்று பெரியவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

அக்கம்பக்கத்தோடு அவருக்கு உறவு உண்டு, ஆனால் மதம் பார்ப்பார். ஈய பேட்டரிக்காரர்கள், லித்தியம்காரர்கள் என்று கால்வாயில் இரண்டு மதம். பெரியவர் ஈயம். பூரண சார்ஜில் ஓய்வாக இருந்தால் 12.7, பாதி தீர்ந்தால் 12.2 என்று வோல்ட்டேஜைப் பார்த்தே பேட்டரியின் உடல்நிலை சொல்லும் கலை அவருடையது. லித்தியம் பேட்டரியோ கிட்டத்தட்டக் கடைசிவரை 13.2 என்றே காட்டிக்கொண்டிருக்கும். இப்படி முகத்தில் எதையும் காட்டாத ஜன்மத்தை எப்படி நம்புவது? தவிர, அது பசியெடுத்தால், என்ஜினோடு சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரிடமிருந்து முழுத் திறனையும் பிடுங்கும். என்ஜின் மெதுவாக ஓடும்போது காற்றும் குறைவு, ஆல்டர்நேட்டர் வெந்துவிடும். மூன்றாவது படகுக்காரருக்கு அப்படி வெந்தபோது பெரியவர் துக்கம் விசாரிக்கப் போனார். போகும்போது அவர் முகத்தில் இருந்ததைத் துக்கம் என்று சொல்ல முடியாது.

மரீனாவில் கரை மின்சாரம் செருகினால் இன்னொரு பயம். எர்த் வயர் வழியாகப் படகுகள் ஒன்றோடொன்று இணைந்து, கால்வாய்த் தண்ணீரே பேட்டரிக்குள் இருக்கும் அமிலம் போல வேலை செய்து, ஒரு படகின் இரும்பு இன்னொன்றுக்காக அரிபடும். அதைத் தடுக்கக் கால்வானிக் ஐசொலேட்டர் என்ற சாதனம் இருக்கிறது, அவரிடமும் இருக்கிறது. இருந்தாலும் "அவன் படகு என் படகைத் தின்கிறது" என்று அண்டை வீட்டாரைப் பற்றிப் புகார் சொல்லும் வாய்ப்பு வேறு எந்த ஊரில் கிடைக்கும்?

போன ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பம்ப் நிற்கவில்லை. குழாயை மூடினால் அழுத்தம் ஏறி, பம்ப் தானாக நிற்க வேண்டும். இது ‘கர்ர்ர்’ என்று ஓடிக்கொண்டே இருந்தது. பெரியவர் முகத்தில் பத்து வயது குறைந்தது. பாதுகாப்பு முக்கியம் என்று முதலில் என்ஜின் பேட்டரி உட்பட எல்லா நெகட்டிவையும் கழற்றினார். பம்பைப் பிரித்து அழுத்த ஸ்விட்சை மாற்றினார். வீட்டு பேட்டரியை மட்டும் மாட்டி ஓட்டினார். நிற்கவில்லை. எங்கோ குழாய் கசிகிறது என்று தீர்மானித்து, கம்பளத்தைச் சுருட்டி, தரைப்பலகையைப் பெயர்த்தார். அக்கம்பக்கத்துப் படகுக்காரர்கள் மத பேதமின்றி வந்து, ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வயரின் கனம் பற்றி ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது.

"தொட்டியில தண்ணி இருக்கா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

யாரும் பேசவில்லை. காலித் தொட்டியில் அழுத்தம் எப்படி ஏறும்?

"அடுத்து அதைத்தான் பார்க்கலாம்னு இருந்தேன்" என்றார் பெரியவர். தேடப் போன இடத்தில் ஒரு லூஸ் கனெக்ஷனைக் கண்டுபிடித்ததைச் சுட்டிக்காட்டினார். அது நெடுநாளாகப் பயன்படாத ஒரு விளக்கின் கனெக்ஷன். தண்ணீர் பிடிக்கும் இடம் இரண்டு மைல். என்ஜினைக் கிளப்ப வேண்டும். கிளப்ப, காலையில் கழற்றிய நெகட்டிவை மாட்ட வேண்டும். மாட்ட, அந்த நட்டு வேண்டும். என்ஜினின் விளிம்பில் பத்திரமாக வைத்த நட்டு, ஸ்பேனர் பட்டு, எண்ணெயும் தண்ணீரும் கலந்து கிடக்கும் அடிக்குழிக்குள் விழுந்துவிட்டது. கயிற்றில் காந்தம் கட்டி விட்டுப் பார்த்தார்கள். துரு ஏறக் கூடாது என்று பெரியவர் தேடித்தேடி வாங்கிய உயர்ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அது, காந்தத்துக்கு மசியவில்லை. இப்போது மூன்று பேர் குழிக்குள் தலையை விட்டிருக்கிறார்கள். லித்தியம்காரர் மட்டும் மல்டிமீட்டர் எடுத்து வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.