பாத்துக்கலாம் மேஸ்திரி

கலசப்பாக்கத்தில் வீடு கட்ட வேண்டும் என்று நினைத்தால் போதும், வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. பத்திரப்பதிவு முடிந்து நீங்கள் டீக்கடையில் நிற்கும்போதே டிவிஎஸ் எக்ஸெல் ஒன்று வந்து நிற்கும். முன்பக்கம் ரசமட்டம் செருகிய கோணிப்பை, காதில் துண்டுப் பென்சில், சட்டைப்பையில் இரண்டு செல்போன். "இன்னா சார், மனை வாங்கிக்கினீங்களாமே?"

விசிட்டிங் கார்டில் 'பில்டிங் காண்ட்ராக்டர்' என்று இருக்கும். ஊருக்கு அவர் மேஸ்திரி. யாராவது வெளியூர்க்காரர் தெரியாமல் 'இன்ஜினியர் சார்' என்று கூப்பிட்டுவிட்டால் திருத்த மாட்டார். திருத்துவது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்.

மனையைப் பார்க்க அன்றைக்கே வந்துவிடுவார். செய்யாற்றங்கரையை விட்டு ஜவ்வாது மலை அடிவாரம் பக்கம் போகப் போக நிலம் ஏறும். சில இடம் செம்மண், சில இடம் மொரம்பு, சில இடம் சுத்தக் களி. மனை மலிவாகக் கிடைத்தது என்றால் பெரும்பாலும் மூன்றாவது ரகம். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நாலடி சரிவும் இருக்கும். மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கட்டியை எடுப்பார். உடைப்பார். மோந்து பார்ப்பார். குதிகாலால் தரையை இரண்டு உதை. "நல்ல கெட்டி மண்ணு சார். கடப்பாரையே துள்ளுது பாருங்க."

துள்ளத்தான் செய்யும். அப்போது சித்திரை மாதம். சித்திரையில் களிமண் கருங்கல்லோடு போட்டி போடும். அதே மண் ஐப்பசியில் செருப்பைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்னும். மண்ணை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கிறவர்கள் ஈரமண்ணைக் கண்ணாடித் தட்டில் திரி மாதிரி உருட்டுவார்கள். உதிராமல் 3 மில்லிமீட்டர் கனம்வரை மெலிகிறதா, எவ்வளவு ஈரத்தில் மெலிகிறது என்று பார்ப்பார்கள். ஆவணிச் சதுர்த்திக்குப் பிள்ளையார் பிடிக்கிற நம் வீட்டுப் பாட்டிக்கும் இது தெரியும். கையில் விரிசல் விடாமல் தும்பிக்கை பிடிக்க வருகிற மண் எதுவோ, அதன் மேல் கட்டுகிற சுவர் விரிசல் விடும். மேஸ்திரியிடம் சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு, "பிள்ளையாரே இருக்கிற மண்ணு, அப்புறம் இன்னா சார் பயம்?" என்பார். அவரோடு தர்க்கம் செய்து ஜெயித்தவர் இந்தத் தாலுகாவில் இல்லை.

அடுத்தது எஸ்டிமேட். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதித் தருவார். சதுரத்துக்கு இவ்வளவு, லேபர் மட்டும் என்றால் இவ்வளவு, மெட்டீரியலோடு என்றால் இவ்வளவு. சமையலறை மேடை, லாஃப்ட், மாடிப்படி, பூஜை அறை ஷெல்ஃப் எல்லாம் இருக்கும். மண் இருக்காது. சரிவு இருக்காது. தண்ணீர் வெளியே போகும் வழி இருக்காது. இவை பிற்பாடு 'எக்ஸ்ட்ரா' என்ற பெயரில் அவதாரம் எடுக்கும். ஆனால் மணமகன், மணமகள் வீட்டார் பெயர்கள் முன்பக்கம் தெளிவாக இருக்கும்.

சரிவை அவர் கையாளும் விதம் எளிமையானது. மேட்டுப் பக்கம் வெட்டுவார், வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் கொட்டுவார். "தோண்டுன மண்ண எங்க சார் எட்த்துனு போறது? டிராக்டர் வாடக தெரியுமா?" ஆக, வீட்டின் பாதி ஆதிகாலத்து மண்மேல், மறுபாதி போன வாரத்து மண்மேல். கொட்டிய களியைச் சட்டியால் நாலு தட்டுத் தட்டி, குழாயில் தண்ணீர் விட்டு, "செட்டாயிடும்" என்பார். உண்மையில் பள்ளத்தை நிரப்ப மொரம்பு வேண்டும், அரையடி அரையடியாகப் போட்டு நனைத்துக் கெட்டிக்க வேண்டும். எப்படிக் கெட்டித்தாலும் தூணின் அடி அந்த நிரப்பு மண்ணைத் தாண்டி இயல்பான நிலத்தில் போய் உட்கார வேண்டும். சரிவுக்குத் தகுந்தபடி கடக்காலைப் படிப்படியாக இறக்க வேண்டும். இதெல்லாம் பேஸ்மட்டத்துக்குக் கீழே நடக்கிற சமாசாரம். மேஸ்திரியின் கலை பேஸ்மட்டத்துக்கு மேலேதான் ஆரம்பிக்கிறது.

பெங்களூரில் வேலை செய்யும் மகன் விவரம் தெரிந்தவனாக இருந்து, "அண்டர்ரீம் பைல் போடலாமா?" என்று போனில் கேட்டுவிட்டால் மேஸ்திரியின் முகம் சுருங்கும். "அதெல்லாம் பாலத்துக்குப் போட்றது தம்பி." பாலத்துக்கு இல்லை. ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் கரிசல் போன்ற மண்ணில் சாதாரண வீடுகள் நிற்க வேண்டும் என்பதற்காகவே ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த முறை அது. கையால் சுற்றும் துளைக்கருவியால் சுமார் மூன்றரை மீட்டர் குழி எடுத்து, அடியில் தண்டைப்போல இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குடைந்து கான்கிரீட் போட்டால், மேல்மண் எவ்வளவு ஆட்டம் போட்டாலும் தூண் அடியில் பிடித்துக்கொண்டு நிற்கும். எல்லா மனைக்கும் இது தேவைப்படாது. மொரம்பு சீக்கிரம் தட்டுப்பட்டால் சாதாரண அஸ்திவாரமே போதும். தட்டுப்படுகிறதா என்று ஒரு குழி வெட்டிப் பார்ப்பதற்குத்தான் மேஸ்திரியிடம் நேரமில்லை. "நம்ம ஏரியாவுக்கு நாலடி போதும் சார். நாப்பது வீடு கட்டியிருக்கேன்."

தளம் போடும் நாள்தான் மேஸ்திரியை முழு உருவத்தில் தரிசிக்க வேண்டிய நாள். விடிகாலையிலேயே மில்லர் மிஷின் வந்துவிடும். அதற்குச் சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். சித்தாள் பெண்கள் தலையில் சும்மாடு கட்டி வரிசையாக நிற்பார்கள். மேஸ்திரி வெள்ளைச் சட்டையில் சாரத்தின் மேல் ஏறி நின்று, கச்சேரிக்கு முன் வித்வான் பார்ப்பதுபோல எல்லாரையும் ஒரு பார்வை பார்ப்பார். முதல் கலவை வரும். கெட்டியாக, இட்லி மாவுப் பதத்தில் இருக்கும். அதுதான் சரியான பதம். மேஸ்திரி சட்டியில் கரண்டியை விட்டுப் பார்த்து முகம் சுளிப்பார். "டேய், கொஞ்சம் தண்ணி வுட்றா!"

இந்தக் 'கொஞ்சம்' என்பது எந்த அளவு நூலிலும் இல்லாத அளவு. ஐ.எஸ். 456 என்ற நமது தேசிய விதிநூல், எம்-20 கலவைக்கு 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றுக்கு அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணீர் என்கிறது. மணலில் இருக்கும் ஈரமும் அதில் சேர்த்தி. மேஸ்திரியின் கணக்கில் ஒரு மூட்டைக்கு இரண்டு பெயின்ட் வாளியும் ஒரு கொஞ்சமும். ஒரு வாளியே 20 லிட்டர். தண்ணீர் கூடினால் கலவை தானாக ஓடிப் பரவும், மட்டப்பலகை இழுப்பது சுலபம், வைப்ரேட்டர் வாடகை மிச்சம், மதியம் பிரியாணிக்குள் வேலை முடிந்துவிடும். 1918-லேயே சிகாகோவில் டஃப் ஆப்ராம்ஸ் என்பவர் ஏராளமான கான்கிரீட் உருளைகளை நசுக்கிப் பார்த்து, சிமென்டுக்குத் தண்ணீர் விகிதம் ஏற ஏற வலு இறங்கும் என்று சொல்லிவிட்டார். நூறு வருஷம் தாண்டியும் செய்தி போளூர் ரோடு வழியாக இன்னும் வந்து சேரவில்லை.

கலவையில் வள்ளலாக ஊற்றிய அதே மேஸ்திரி, தளம் போட்ட மறுநாள் முதல் தண்ணீர் விஷயத்தில் பரம கஞ்சன். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி. சிமென்ட், அதற்குப் பத்து நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிற்க வேண்டும். மேஸ்திரி மூன்றாம் நாளே அடுத்த சைட்டுக்குப் போயிருப்பார். போன் செய்தால், "காலைல பையன் வந்து வுட்டானே சார்" என்பார். அந்தப் பையனை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் பின்னால் மேட்டு மண் சரியாமல் இருக்க ஒரு தடுப்புச் சுவர் கட்டுவார். மழைநீர் மண்ணுக்குள் தேங்கிச் சுவரைத் தள்ளாமல் வெளியே வர, அதில் வரிசையாக ஓட்டை விட்டு, பின்பக்கம் ஜல்லி நிரப்ப வேண்டும். கேட்டால் பதறிப்போவார். "ஓட்டையா? பாம்பு பூந்துடும் சார்! பசங்க இருக்கிற வீடு." பாம்பு என்றதும் வீட்டம்மா மேஸ்திரி கட்சிக்குப் போய்விடுவார். ஓட்டு இரண்டுக்கு ஒன்று. ஓட்டை இல்லை.

முதல் மழைக்காலம் முடிந்து முதல் கோடை வரும்போது ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கோடு கிளம்பும். மேஸ்திரி வருவார். நகத்தால் சுரண்டுவார். "பூச்சு வெடிப்பு சார், பட்டி பார்த்தா போயிடும்." அடுத்த கோடையில் கோட்டுக்குள் பத்து ரூபாய் நாணயம் நுழையும். "வெயிலு ஓவர் சார் இந்த வருஷம்." பிறகு பக்கத்து வீட்டு வேப்பமரத்தின் வேர். பிறகு பஸ் போகிற அதிர்வு, அந்தத் தெருவுக்குப் பஸ்ஸே வராது என்பதைச் சொன்னால், "மெயின் ரோட்ல போவுதில்ல?" ஐப்பசியில் கதவு சாத்த வராது, தச்சரை அனுப்பி இழைக்கச் சொல்வார். சித்திரையில் அதே கதவுக்கும் தரைக்கும் நடுவே பூனைக்குட்டி போய்வரும், தச்சரைத் திட்டுவார். மண் மூச்சு விடுகிறது என்ற ஒரு காரணத்தைத் தவிர மற்ற எல்லாக் காரணமும் அவரிடம் உண்டு.

2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண்ணும் பாறையும் இறங்கி, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டில் 7 பேர் உயிரோடு புதைந்துபோனார்கள். அதில் 5 பேர் குழந்தைகள். அது மலையே இறங்கிய துயரம், எந்த மேஸ்திரியின் கணக்கிலும் எழுத முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அடிவாரத்தில் மனை வைத்திருப்பவர்கள் 'சாயில் டெஸ்ட்' என்ற வார்த்தையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். மேஸ்திரி உடனே அதையும் எஸ்டிமேட்டில் சேர்த்துக்கொண்டார். "சாயில் டெஸ்ட்டு நானே பண்ணிட்டேன் சார்." குதிகாலால் இரண்டு உதை இப்போது மூன்றாகியிருக்கிறது.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. கடக்காலை இன்னும் இரண்டடி இறக்கலாம் என்று எந்த மேஸ்திரியாவது தப்பித்தவறிச் சொன்னால், ஏமாற்றப் பார்க்கிறான் என்று அவரை விட்டு அடுத்தவரிடம் போகிறவர்கள் நாம்தான். மண்ணுக்குள் போகிற ரூபாய்க்கு அழுதுவிட்டு, முகப்பு எலிவேஷனுக்கும் எஸ்.எஸ். கைப்பிடிக்கும் கேட்டதைக் கொடுப்போம். மேஸ்திரி நாடி பிடித்துப் பார்ப்பவர். உறவினர் எதைப் பார்த்துப் பாராட்டுவார்களோ அதில் அவர் குறை வைப்பதே இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வீட்டுக்காரர் பணம் தராத சனிக்கிழமையிலும் வட்டிக்கு வாங்கியாவது சித்தாள் கூலியைப் பட்டுவாடா செய்பவர் அவர். ராத்திரி பதினோரு மணிக்கு மோட்டார் ஓடவில்லை என்றால் வந்து நிற்பவரும் அவர்தான். பெரிய கம்பெனிக்காரனிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

அதனால் ஊரில் மேஸ்திரியைத்தான் வைத்தாக வேண்டும். வைப்பதற்கு முன் அவர் கட்டிய வீட்டைக் காட்டச் சொல்வார்கள் எல்லாரும். அவரும் காட்டுவார், கார்த்திகை தீபத்துக்கு வெள்ளையடித்த கையோடு, போன வருஷம் கட்டிய வீட்டை. நீங்கள் நாலு வருஷத்துக்கு முந்தைய வீட்டைக் கேளுங்கள். சித்திரை கடைசியில், மண் நன்றாக வாய் பிளந்திருக்கும்போது போங்கள். ஜன்னல் மூலையைப் பாருங்கள், காலண்டர் மாட்டியிருந்தால் தூக்கிப் பாருங்கள். பணத்தை வாரக் கணக்கில் தராமல் கடக்கால், பேஸ்மட்டம், லிண்டல், தளம் என்று வேலைக் கணக்கில் தருவதாக எழுதிக்கொள்ளுங்கள். குழியை மூடுவதற்கு முன் நீங்கள் பார்த்தாக வேண்டும் என்பதையும் எழுதுங்கள். கல்யாணப் பத்திரிகையிலேயே எழுதினாலும் சரி.

மேஸ்திரி தனக்கும் ஒரு வீடு கட்டியிருக்கிறார். நான் போய்ப் பார்த்தேன். மொரம்பு மண்ணாகத் தேடி வாங்கிய மனை. பேஸ்மட்டத்தைச் சுற்றிப் பீம். வீட்டைச் சுற்றி மூன்றடிக்குச் சிமென்ட் ஏப்ரன், தண்ணீர் தேங்காமல் வெளியே சரிவு. பின்னால் தடுப்புச் சுவரில் வரிசையாக, நூல் பிடித்த மாதிரி பி.வி.சி. குழாய் ஓட்டைகள்.

"பாம்பு வராதா மேஸ்திரி?" என்று கேட்டேன்.

"வந்தா அடிச்சிக்கலாம் சார். செவுரு சாஞ்சிட்டா இன்னாத்த அடிக்கிறது?"