ஒரு தண்டல்காரரின் பாராட்டு மடல்

வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்கக் கல்வித் துறைப் பெரியவர்களுக்கு,

தண்டல் தொழிலில் நாற்பது வருடம் செருப்புத் தேய நடந்தவன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். அங்கு அசலும் வட்டியும் நலமா?

என் அக்கா பேத்தி உங்கள் ஊரிலேயே பிறந்தவள். கணக்கு டீச்சராகப் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் ஒரு காகிதக் கட்டை என் மடியில் போட்டு, "தாத்தா, நம்ம வீட்டில் பத்திரம் படிக்கத் தெரிஞ்சவர் நீங்கதான். இதில் கையெழுத்துப் போடலாமா?" என்றாள். உங்கள் ‘டீச் கிராண்ட்’ ஒப்பந்தம். அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, வாயிலிருந்த வெற்றிலையை மெல்ல மறந்துவிட்டேன்.

2007-ல் சட்டம் போட்டு, மறு வருடம் பணம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். ஆண்டுக்கு 4,000 டாலர் வரை. கடன் இல்லை, உதவித்தொகை. வாங்குகிறவர் நாலுக்கு 3.25 மதிப்பெண் எடுத்து, அதை இறக்காமல் காக்க வேண்டும். இல்லையென்றால் நுழைவுத் தேர்வில் நூறு பேரில் எழுபத்தைந்து பேரையாவது முந்தியிருக்க வேண்டும். பணம் வாங்கும் ஒவ்வொரு வருடமும் அறிவுரை கேட்டு, புதிதாகக் கையெழுத்திட வேண்டும். படிப்பு முடிந்த எட்டு வருடத்துக்குள் நாலு வருடம், ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், கணக்கு, அறிவியல், சிறப்புக் கல்வி போல ஆள் கிடைக்காத பாடம் நடத்த வேண்டும். நியாயம்தான். வாத்தியார் இல்லாத பள்ளிக்கு வாத்தியார் வருவார். இதுவரை உங்களை வெறும் தர்மவான்கள் என்றே நினைத்தேன்.

அடுத்த பக்கத்தில்தான் தொழில்காரரைக் கண்டேன். சொன்னபடி முடிக்காவிட்டால் உதவித்தொகை முழுதும் கடனாக மாறும். வட்டி மாறிய நாளிலிருந்து இல்லை, பணம் கொடுத்த நாளிலிருந்தே. ஐயா, எங்கள் ஊர் மீட்டர் வட்டிகூடத் தவணை தவறிய பிறகுதான் ஓடும். உங்கள் வட்டி, பழைய வருடங்களுக்குப் பின்னால் நடந்துபோய் அங்கிருந்து ஓடி வருகிறது. தானம் வந்த மாட்டைப் பல் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். உங்கள் மாடு வாங்கினவரின் கையைப் பிடித்தல்லவா பார்க்கிறது!

தமிழ்நாட்டில் 2003-ல் எங்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, மணி வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை, மீறினால் சிறை. தானம் கொடுத்துவிட்டுப் பழைய தேதியில் வட்டி போடுவதற்கு அதில் பெயரே இல்லை. எங்களில் எவனுக்காவது அது தோன்றியிருந்தால்தானே.

பேத்தி இன்னொன்றும் சொன்னாள். பாடம் நடத்தினால் மட்டும் போதாதாம். நடத்துகிறேன் என்று வருடா வருடம் தாள் அனுப்ப வேண்டும். தாள் ஒரு நாள் பிந்தினாலும், ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் கடன்தான், திரும்ப மாற்ற முடியாது என்று பல வருடம் பிடிவாதமாக இருந்திருக்கிறீர்கள். அதே நேரத்தில் அந்த டீச்சர் நீங்கள் கேட்ட அதே பள்ளியில், நீங்கள் கேட்ட அதே பாடத்தைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

2013 ஆகஸ்டிலிருந்து 2014 செப்டம்பர் வரை மட்டும் 2,252 பேருடைய பணம் தவறாகக் கடனாக்கப்பட்டது என்று உங்கள் நாட்டுத் தணிக்கை அலுவலகமே 2015-ல் எழுதியிருக்கிறது. 2014 ஜூலைக்கு முன் பணிக்கெடு தொடங்கியவர்களில் நூற்றுக்கு 63 பேருடைய தொகை கடனாகியிருந்தது என்பது 2018-ல் வெளியான உங்கள் சொந்த ஆய்வு. வேறு வேலைக்குப் போனவர்களும் அதில் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் பேரேட்டில் நூற்றுக்கு 63 பேர் தவறியிருந்தால், குற்றம் வாங்கினவர்களுடையது இல்லை, ஆள் பார்த்துக் கொடுக்கத் தெரியாத என்னுடையது என்று கடைத்தெருவே சிரித்திருக்கும்.

தொழில் முறையில் ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். தண்டல்காரன் சாயங்காலம் ஆனால் கடை கடையாக நடப்பான். பூக்கடை திறந்திருக்கிறதா, இட்லிக்கார அம்மா அடுப்பு மூட்டினாளா என்று கண்ணால் பார்ப்பான். அடுப்பு எரிகிறதென்றால், நோட்டுப் புத்தகம் தொலைந்தாலும் ஆள் தொலையவில்லை என்று அவனுக்குத் தெரியும். நீங்களோ வகுப்பறைப் பக்கம் எட்டிப் பார்க்காமல் தபால் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஈவிரக்கம் இல்லாதவர்கள் என்று பெயர் வாங்கிய நாங்கள்கூட அடுப்பைப் பார்க்கிறோம், ஐயா.

செய்திக்காரர்கள் விடாமல் எழுதிய பிறகு 2018 டிசம்பரில் மனம் இறங்கி, வேலை பார்த்த ஆசிரியர்களின் கடனைத் திரும்ப உதவித்தொகையாக்க வழி செய்தீர்கள். 2021 ஜூலை முதல், வருடாந்தரத் தாள் பிந்தியதற்காக மட்டும் கடனாக்குவதில்லை என்றும் விதியைத் திருத்தினீர்கள். வாழ்த்துகள். ஆனால் எட்டு வருடக் கெடுவும், பின்னால் நடக்கும் வட்டியும் அப்படியேதான் இருக்கின்றன. தொழிலை முழுதாக விட்டுவிட மனம் வராது; எனக்குத் தெரியாததா?

பேத்தியிடம் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டேன். அவள் போகப்போகும் பள்ளிக்கு ஒரு கணக்கு டீச்சர் வேண்டுமே. போடுமுன் எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுக்கவைத்தேன். ஒன்று அவளிடம். மற்றொன்று என் இரும்புப் பெட்டியில். அதற்குள் இத்தனை வருடமும் ஊரார் எனக்கு எழுதிக் கொடுத்த புரோநோட்டுகள்தான் இருந்தன. என் வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுத்த நோட்டு ஒன்று அவற்றின் மேல் கிடப்பதைப் பார்த்த பிறகு, அன்று சாயங்காலம் நான் வசூலுக்குப் போகவில்லை.

இப்படிக்கு,
தங்கள் சக தொழிலாளி