அடுத்த செவ்வாய் வருகிறேன்

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், வீரமாமுனிவரைத் தேம்பாவணி பாடிய புலவராகவே நினைக்கிறார்கள். 1680இல் இத்தாலியில் பிறந்து, கொள்ளிடக் கரையில் மறைப்பணி செய்து, 1732இல் சதுரகராதி தந்தவருக்கு அந்தப் பெருமை தகும். என் மனசுக்கு நெருக்கமானது அவருடைய 'வேதியர் ஒழுக்கம்'. ஊர் ஊராகப் போய் விசுவாசிகளைத் தேற்றிய உபதேசியார்களுக்காகவே எழுதப்பட்ட உரைநடை நூல் அது. அந்தக் காலத்தில் சாமியார் ஒரு ஊருக்கு எப்போதோதான் வர முடியும். மற்ற நாளெல்லாம் சனங்களின் விசுவாசத்தைத் தாங்கியவர் உபதேசியார்.

சின்ன வயதில் எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் அப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறேன். சைக்கிளை வேப்பமரத்தில் சாத்திவிட்டுத் திண்ணையில் உட்காருவார். எடுத்த எடுப்பில் செபத்தைப் பற்றிப் பேச மாட்டார். "என்ன ஆத்தா, பட்டறையில வெங்காயம் அழுகாம இருக்கா?" என்று அப்பாயியிடம் கேட்பார். திருப்பூரிலிருந்து மகன் காயிதம் போட்டானா, கோபித்துக்கொண்டு பூசைக்கு வராமல் இருக்கும் பங்காளி சமாதானம் ஆனாரா என்று விசாரிப்பார். இறந்துபோன மூத்த பிள்ளையை நினைத்து அப்பாயி அழுதது அவரிடம் மட்டும்தான். அவர் குறுக்கே பேச மாட்டார். அழுகை அடங்கியதும் இருவரும் சேர்ந்து அருள் நிறைந்த மந்திரம் சொல்வார்கள். "அடுத்த செவ்வாய் வர்றேன் ஆத்தா" என்பார். மழை பெய்தாலும் வந்துவிடுவார்.

இன்று வேளாங்கண்ணிப் பூசை நேரலையில் வீட்டுக்கே வருகிறது. பொழுது விடிவதற்குள் வாட்ஸ்அப்பில் இறைவசனங்கள் வந்து குவிகின்றன. இதைக் குறை சொல்ல மாட்டேன். குவைத்தில் வேலை பார்க்கும் பிள்ளை, தாயின் நினைவுப் பூசையை அங்கிருந்தே பார்க்க முடிகிறது. அன்று அதற்கு வழியே இல்லை. ஆனால் பிள்ளைகள் எல்லாரும் வெளியூர் போய்விட்ட வீட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்கு வசனம்தான் வந்து சேர்கிறது. அதைக் கேட்டு அவள் சொல்ல நினைப்பதைக் கேட்க ஆள் இல்லை.

அந்த வேலையைச் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அரியலூரில் சிமெண்டு ஆலைக்குப் போகும் தம்பி ஒருவர், ராத்திரி ஷிப்டு முடிந்து திரும்பும்போது, தன் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்து விசுவாசிகளின் குழுவில், படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவர் வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறார். "நான் ஒண்ணும் பெருசா செபம் சொல்றதில்லண்ணே. அவரு பேசுவாரு, கேட்டுக்குவேன்" என்றார். தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் அவர் கொடுக்கும் அந்த அரைமணிதான் மேய்ப்புப்பணி.

சாமியார்களுக்குக் கிளைக் கிராமங்கள் பல. எல்லாவற்றையும் அவர்கள் தலையில் போட்டுவிட்டு நாம் வசனத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தால் போதாது. கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டவர் யார் என்று அந்தந்தத் தெருவுக்குத் தெரியும். அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அறிவுரை சொல்லாமல் உட்கார வேண்டும். முதல் தடவை அவர் வாய் திறக்காவிட்டாலும், மறுபடியும் போக வேண்டும்.