கக்கத்துத் துண்டு

வாடா பேராண்டி. பெங்களூருல பெரிய உத்தியோகமாம், அடுக்குமாடியில வீடாம். ரொம்ப சந்தோஷம். ஆனா ராத்திரி பத்து மணிக்குப் போன் அடிச்சதும் எச்சில் கையோட எந்திரிச்சு நின்னு, "எஸ் சார், எஸ் சார்"ன்னியே! நீ நிக்கிறது அந்தப் பக்கம் இருக்குறவனுக்குத் தெரியவா போவுது?

உன்னை மட்டும் சொல்லிக் குத்தமில்லே. எங்க அப்பன் பண்ணையாள். ஆண்டை வீட்டு வாசல் வந்தா தோள்ல கெடக்குற துண்டு தானா கக்கத்துக்குப் போயிடும். வேலைக்குப் பிந்தினா சவுக்கடி, எதுத்துப் பேசினா சாணியைக் கரைச்சுக் குடிக்க வைப்பானுவ. 1943-ல மன்னார்குடிப் பக்கம் தென்பரையில விவசாயிகள் சங்கம் கட்டுனாங்க. கர்நாடகத்துலேர்ந்து வந்த சீனிவாசராவ் அந்தச் சங்கத்துக்காகச் சேரி சேரியா நடந்தாரு. அடுத்த வருஷம் மன்னார்குடியில ஒப்பந்தம் ஆச்சு: சாணிப்பாலும் கூடாது, சவுக்கும் கூடாது. 1952-ல பண்ணையாளுக்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்துச்சு.

எல்லாம் வந்துச்சு, அப்பன் துண்டு மட்டும் கக்கத்தை விட்டு வரலே. கேட்டா, "கதகதப்பா இருக்குடா"ம்பாரு. ஆண்டை விட்டாலும் பழக்கம் விடாதுடா.

உனக்குச் சவுக்கு இல்லே, அப்ரைசல் இருக்கு. உங்க சார் கையை ஓங்க வேண்டியதே இல்லே, நீயே குனிஞ்சுக்குறே. அங்க குனிஞ்ச முதுகு வீட்டுக்கு வந்ததும் நிமிந்துக்கிட்டு, "காப்பி எங்கடி?"ன்னு அதட்டுது. மேல ஒரு ஆண்டைக்குப் பழகின புத்தி, கீழ ஒரு பண்ணையாளைத் தேடும். ரெண்டையும் சேத்து விட்டாத்தான் நீ உனக்குச் சொந்தம்.

அதுக்காக நாளைக்கே வேலையை விட்டெறிஞ்சு வீரம் காட்டாதே. வீட்டுக் கடன் குடுத்த பாங்க்காரன் புது ஆண்டையா வாசல்ல நிப்பான். சின்னதுலேர்ந்து ஆரம்பி. போனை உக்காந்தபடி எடு. அப்புறம், "காலையில பாத்துச் சொல்றேன் சார்"னு சொல்லிப் பழகு. காப்பியை நீயே கலந்துக்க. பக்கத்து நாற்காலிக்காரனையும் கூட்டுச் சேத்துக்க. அன்னிக்கு ஒத்த ஆளு நிமிந்திருந்தா முதுகுத்தோல் உரிஞ்சிருக்கும். தெருவே நிமிந்ததாலதான் சவுக்கு கீழ விழுந்துச்சு.

என்னடா, இதுக்கும் "சரி தாத்தா, சரி தாத்தா"ன்னு தலையாட்டுறே? எங்க, "முடியாது தாத்தா"ன்னு ஒரு தடவை என்கிட்டயே சொல்லிப் பாரு. ஒத்திகைக்குத்தானே, கோவிச்சுக்க மாட்டேன். ரொம்ப கோவிச்சுக்க மாட்டேன்.