பாலகுமாரனிலிருந்து அறம் பிரித்தெடுக்கும் முறை

முதலில் தலைப்பு. 'பாலகுமாரன் புதினங்களில் அறமும் ஆன்மிகமும் – ஓர் ஆய்வு.' கடைசி இரண்டு சொற்களை விட்டுவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் உள்ளே இருப்பது ஆய்வு என்று யாருக்கும் தெரியாது. நாவல் என்று எழுதாமல் புதினம் என்றே எழுதுங்கள். நாவல் என்றால் அதைப் படித்திருக்கிறீர்களோ என்ற சந்தேகம் வந்துவிடும்.

அடுத்து அட்டவணை. அவர் எழுதியவை 200ஐத் தாண்டும், பத்து போதும். திருக்குறளின் அதிகாரத் தலைப்புகளை இடப்பக்கம் வரிசையாக எழுதி, எதிரே பக்க எண் போட்டுக்கொண்டே வாருங்கள். மு.வ.வுக்கு இந்த முறை கச்சிதமாகப் பொருந்தும். அவருடைய பாத்திரங்கள் காப்பி குடிக்கும்போதும் வகுப்பெடுப்பார்கள், வெட்டி ஒட்ட வேண்டியதுதான். பாலகுமாரனில் 'பிறனில் விழையாமை'க்கு வரும்போது பென்சில் தடுமாறும். 'மெர்க்குரிப் பூக்க'ளில் சங்கரன் மணமானவன், சியாமளாவிடம் மனம் போகிறது, ஆசிரியர் பிரம்பை எடுக்கவே இல்லை. பயப்படாதீர்கள். 'உளவியல் நோக்கு' என்றொரு துணைத்தலைப்பு கொடுத்துத் தாண்டிவிடலாம்.

வாழ்க்கைக் குறிப்புக்குக் குறைந்தது ஐந்து பக்கம். 1946இல் தஞ்சை மாவட்டம் பழமார்நேரியில் பிறந்தது, டிராக்டர் கம்பெனியில் வேலை பார்த்தது, 'நாயகன்', 'பாட்ஷா' வசனம், திருவண்ணாமலையில் விசிறி சாமியார் என்று ஊர் சொன்ன யோகி ராம்சுரத்குமாரைக் குருவாகக் கொண்டது, 2018 மே 15 மறைவு. இரண்டு மனைவியருடன் வாழ்ந்ததை அவர் மறைத்ததில்லை. அதை எழுதலாமா என்று நீங்கள்தான் மூன்று நாள் தூங்காமல் கிடப்பீர்கள்.

பிறகு களப்பணி. வாசகர்களிடம் வினாத்தாள் கொடுத்து ஆம், இல்லை என்று கட்டத்தில் டிக் வாங்க வேண்டும். என் களம் நைனார்பாளையம். காரணம் ஆய்வுநெறிப்படி எதுவும் இல்லை. அங்கே அத்தை வீட்டில் சோறு போடுவார்கள். களம் பற்றிய அறிமுகத்துக்கு இரண்டு பக்கம் வேண்டுமென்றால் ஊர்ப்பெயரில் இறங்கலாம். நயினார் தமிழ்ச் சமணர்களின் பட்டம். சைவர்களுக்கும் அந்தப் பெயர் உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு. எந்த முடிவுக்கும் வராமலே பக்கம் நிரம்பும்.

சின்னசேலத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் இறங்கியபோது அத்தை களத்தில் மக்காச்சோளம் கிளறிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு பைண்டு புத்தகத்தோடு வந்தார். 'சாவி' இதழில் வாராவாரம் வந்த 'மெர்க்குரிப் பூக்க'ளைக் கிழித்து, கோணி ஊசியும் நூலும் போட்டுத் தைத்து, பழைய காலண்டர் அட்டையை ஒட்டியது. அத்தியாயம் முடிகிற பக்கத்தின் பின்புறம் பாதி ஜோக்கு, தலைவலித் தைலத்தின் விளம்பரத்தில் ஒரு கை மட்டும். ஓரங்களில் பால் கணக்கு: காலை ஒன்றரை, மாலை ஒன்று. நடுவில் ஓர் அத்தியாயம் இல்லை. அந்த வாரம் புத்தகம் இரவல் வாங்கியவர் திருப்பித் தரவில்லையாம். ஆளின் பெயரும் சொன்னார், குரலில் இன்னும் சூடு ஆறவில்லை.

வினா எண் 4: 'இப்புதினத்தைப் பயின்றதால் தங்கள் ஒழுக்கம் மேம்பட்டதா?' அத்தை தாளைத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

“ஏண்டா தம்பி, அந்த சாவித்திரி புருசன் ஸ்டிரைக்குல செத்துப்போறான் பாரு, அத படிச்ச அன்னைக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டவே மறந்துட்டேன். இத எந்தக் கட்டத்துல போடுவ?”

இப்படிப்பட்ட பதில்களைத் தவிர்க்கவும். எக்செல் ஏற்காது.

இதற்குள் உங்களுக்குச் சொந்தமாக ஒரு கருத்து தோன்றிவிடும். ஆய்வில் வரக்கூடிய பெரிய ஆபத்து அதுதான். எனக்கு வந்தது. 'மெர்க்குரிப் பூக்க'ளிலும் 'இரும்புக் குதிரைக'ளிலும் தொழிற்சாலை, லாரி ஷெட், சம்பள நாள், வீட்டில் மூஞ்சி தூக்கிக்கொண்ட மனைவி என்று துக்கத்துக்கு ஓர் இடம் இருக்கிறது, தீர்வு மட்டும் இல்லை. அங்கே யாரும் அறம் பேசுவதில்லை. ஆனால் புத்தகத்தை மூடிய பிறகு நம்மைக் குடைவது அறம்தான். குரு வந்த பிறகு எழுதிய பல கதைகளில் பல்லி விழும் பலன் மாதிரி, கஷ்டம் எங்கே விழுந்தாலும் பலன் முன்கூட்டியே அச்சாகி இருக்கிறது. 'உடையார்' ஆறு பாகத்தில்தான் மனிதர் மீண்டு வருகிறார். 1010இல் முடிந்த பெரிய கோயிலைக் கல் சுமந்தவன், கருமான், ஆடல் மகளிர் என்று கீழேயிருந்து மேலே கட்டிக் காட்டுகிறார். அங்கே பக்திக்கு வியர்வை நாற்றம் உண்டு.

இதை ஓர் அத்தியாயமாக எழுதிக் கொடுத்தேன். 'ஆய்வாளர் கருத்துக் கூறலாகாது' என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது. வலித்தது. ஆறுதல் தேடி அத்தையிடம் படித்துக் காட்டினேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

“சாமியாரு வர்ற புஸ்தகம்லாம் மட்டம்ங்குற.”

“மட்டம்னு இல்ல அத்த. பதில் மொதல்லயே ரெடியா இருக்குது.”

“உங்க மாமா போன வருசம் பூரா அதத்தான்டா படிச்சேன். கேள்விதான் எங்கிட்ட மூட்ட மூட்டயா கெடந்துச்சே.”

மீண்டும் முறத்தை எடுத்துக்கொண்டார். நான் பழைய அத்தியாயத்தில் மூன்று பத்தியை அடித்துவிட்டு இதை அடிக்குறிப்பாகச் சேர்த்தேன். 'வாய்மொழி, சான்றன்று' என்று அதுவும் அடிபட்டது. ஆகவே உறவினரிடம் கருத்துக் கேட்காதீர்கள். கேட்டாலும் எழுதாதீர்கள்.

முடிவுரை எளிது. முன்னுரையை எடுத்து 'ஆராயப்படும்' என்ற இடமெல்லாம் 'ஆராயப்பட்டது' என்று மாற்றினால் போதும். வாய்மொழித் தேர்வுக்கு வெள்ளைச் சட்டை. அன்று தலைவலித் தைலமும் உதவும்.

நான் வாங்கிய எம்.ஃபில். பட்டத்தையே 2022இல் யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. எனவே இந்தக் குறிப்புகளை முனைவர் பட்டத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளவும். பக்கத்தை மட்டும் மூன்று மடங்காக்கினால் சரி. விதிப்படி ஆய்வேட்டைத் தாளின் ஒரு பக்கத்தில்தான் அச்சிட்டிருந்தேன், மறுபக்கம் வெள்ளையாகவே இருக்கும். ஒரு பிரதியை அத்தைக்குக் கொடுத்தேன். போன மாதம் போயிருந்தபோது பார்த்தேன், 112ஆம் பக்கம் வரை வந்திருக்கிறார். பின்பக்கத்தில்: காலை இரண்டு, மாலை ஒன்றரை.